மேகங்களை அணைத்துவிட்டுப் பறந்த வாரம்

இருங்காட்டுக்கோட்டையைத் தாண்டியபோது செருப்பு வார் அறுந்தது. தைக்க ஆளில்லாத இடம். சாலையோரத்திலேயே விட்டுவிட்டு மேற்குப் பக்கமாக நடந்தேன். பூந்தமல்லியில் விட்டுவந்த பரோட்டாக் கடையின் மாவு இன்னும் நகக்கண்ணில் காய்ந்திருந்தது. அங்கே கரண்டியால் அடித்தார்கள் என்பதற்காக நான் கிளம்பவில்லை. அடி எல்லா இடத்திலும் இருந்தது. அந்தச் சமையல்கட்டில் ஜன்னல் இல்லை, அவ்வளவுதான்.

எனக்கு அப்போது பதினைந்து முடிந்திருந்தது. ஒன்பதாம் வகுப்பில் பள்ளிக்கூடத்தை விட்டவன். சுங்குவார்சத்திரத்தில் அம்மாவின் தம்பி இருந்தார். அவரிடம் போகலாம் என்று தோன்றியது. தோன்றினால் நடந்துவிடுவது அன்றும் பழக்கம், இன்றும் பழக்கம். முழங்கால் மட்டும் இப்போது முன்கூட்டியே கேள்வி கேட்கிறது.

இதைப் படிக்கும் என் வயதுக்காரர்களுக்கு நெட் சென்டர்கள் ஞாபகமிருக்கும். பிளைவுட் தடுப்புக்குள் முழங்கால் இடிக்க உட்கார்ந்த ஆட்கள் நாம். தொப்பை பெருத்த மானிட்டரின் முன் கையை நீட்டினால் மயிர் சிலிர்த்து நிற்கும். திரையைத் தொட்டால் பட்டென்று சின்னதாய் ஒரு கடி. மாமாவின் கடையும் அப்படித்தான், பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே, டீக்கடையின் மாடியில். கீழே பால் பொங்கினால் மேலே எல்லாக் கம்ப்யூட்டருக்கும் வாசம் வரும்.

மாமா முழுநேரக் கடைக்காரர் இல்லை. ஒரகடத்து எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் பேக்கிங் பிரிவில் ஷிஃப்ட் பார்த்தார். மீதி நேரம் கடை. அந்த வேலை அவர் உடம்போடு ஒட்டிக்கொண்டிருந்தது. அவர் கடையில் எதிலிருந்தும் உறை பிரிக்கப்பட்டிருக்காது. விசைப்பலகை பாலிதீனுக்குள் இருந்தபடியே தட்டப்பட்டது. மானிட்டரின் விளிம்பில் ஒட்டிவந்த நீலப் படலம் ஓரங்களில் சுருண்டு அழுக்கேறியும் அங்கேயே இருந்தது. நான் ஒருநாள் அதன் நுனியை நகத்தால் கிள்ளியபோது கையில் தட்டினார்.

"இன்னாடா பண்றே? பிலிம்ம நாம கிழிக்கக் கூடாது. கஸ்டமர் தான் கிழிக்கணும்."

"இங்க கஸ்டமரே நீதான மாமா?"

"வாய் மட்டும் நல்லா கீது. போய் கீழ டீ சொல்லு."

எனக்குச் சிரிப்பாக இருந்தது. பேக்கிங் மேசையில் ஒரு படலம் கிழிந்ததற்காக அடையாள அட்டையைப் பிடுங்கி வெளியே அனுப்பப்பட்ட ஆளை அவர் பார்த்திருக்கிறார் என்பது பிறகுதான் தெரிந்தது. அதற்கப்புறம் அவர் வீட்டு ஃபிரிட்ஜைக்கூட உறையோடுதான் வைத்திருந்தார்.

கடையின் மூலையில் இருந்த கம்ப்யூட்டர் மட்டும் வாடகைக்கு விடப்படாது. அதில் விமானம் ஓட்டும் விளையாட்டு இருந்தது. விளையாட்டு என்று சொன்னால் மாமாவுக்குப் பிடிக்காது, "சிமுலேட்டர்" என்பார். உண்மையான விமானி அறைபோலவே முன்னால் முள் கடிகாரங்கள், நடுவில் ஒரு கைப்பிடி, கண்ணாடிக்கு வெளியே ஓடுபாதை. கைப்பிடியைத் தனியாக வாங்கியிருந்தார். அதன் அடிப்பாகத்தில் காற்றுக் குமிழ் உறை அப்படியே இருந்ததால், திருப்பும்போதெல்லாம் டப் டப்பென்று குமிழ் உடையும்.

அந்த விளையாட்டு ஓடவில்லை. சத்தம் ஒழுங்காக வரும். படம்தான் நின்று நின்று, விட்ட இடத்தைத் தாவிப் பிடிக்கும். ஓடுபாதையில் பாதி தூரம் போய் உறைந்து, அடுத்து பார்த்தால் ஆகாயத்தில் சாய்ந்து கிடக்கும். படத்தை வரைவதற்கென்றே தனியாக ஒரு கார்டு உண்டு, அதைப் போட்டால் வழுக்கிக்கொண்டு ஓடும் என்று யாரோ சொல்ல, சென்னைக்குப் போய் வாங்கிவந்து தன் கையாலேயே பொருத்தினார். கார்டின் மேல் ஒரு சின்ன விசிறி சுழன்றது. படம் பழையபடியே இழுத்தது.

அதன்பின் அவர் செய்யாத வைத்தியம் இல்லை. மெமரி பட்டையைக் கழற்றி, பள்ளிக்கூட ரப்பரால் அதன் தங்கப் பற்களைத் தேய்த்தார். எல்லாவற்றையும் அழித்து விண்டோஸை மறுபடி ஏற்றினார். பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றிவிட்டு மேசை விசிறியை உள்ளே பார்க்கத் திருப்பி வைத்தார். ஒரு வெள்ளிக்கிழமை எலுமிச்சம்பழம்கூடத் தொங்கியது.

"கார்டு டூப்ளிகேட்டு. ஏமாத்திட்டான்" என்பார், விசிறி சுழல்வதைப் பார்த்தபடி.

நான் வேறு வழியில் போனேன். விளையாட்டுக்குள் ஒரு பக்கம் இருந்தது. மேகம், மரம், கட்டடம், தண்ணீர், நிழல், மற்ற விமானங்கள் என்று ஒவ்வொன்றுக்கும் திரையில் நகர்த்துகிற ஒரு கட்டை. இழுத்தால் கூடும், தள்ளினால் குறையும். எனக்கு ஆங்கிலம் எழுத்துக்கூட்டிப் படிக்கத்தான் வரும். ஒவ்வொரு வார்த்தையையும், அதை அணைத்தால் எது காணாமல் போகிறது என்பதை வைத்துக் கற்றுக்கொண்டேன். 'ஷேடோ' போனபோது விமானத்தின் அடியில் இருந்த கறுப்பு போனது. பள்ளிக்கூடத்தில் யாரும் இப்படிச் சொல்லித்தரவில்லை.

அந்தக் கடைக்கு ஹாஸ்டல் பெண்கள் வருவார்கள். ஊருக்குப் பேச, மெயில் பார்க்க. அவர்களில் ஒரு அக்கா, கோவில்பட்டிப் பக்கம். மாமா வேலை பார்த்த அதே தொழிற்சாலை, வேறு கட்டடம். எப்போதும் அறைத்தோழியோடு வருவாள். தோழி பேச, இவள் சிரிப்பாள். ஒருநாள் இவள் சிரிக்கவில்லை.

"என்னம்மா, மூஞ்சி ஒரு மாதிரி கீது?" என்றார் மாமா.

தோழிதான் சொன்னாள். "இவளுக்கு அதிர்ஷ்டம் அடிச்சிருக்குண்ணே. புது மெஷின் வருதுல்லா, அதப் படிக்க வெளிநாட்டுக்கு அனுப்புதாங்க. லைன்ல இருந்து நாலஞ்சு பேரு. அதுல இவ பேரும் வந்திருக்கு. மகராசி அழுதுக்கிட்டு இருக்கா."

"அழல" என்றாள் அக்கா. "பிளேன்ல போகணுமாம்ணே. எனக்கு ராட்டினமே ஆகாது. கோயில் கொடை விழாவுல எல்லாரும் ஏறுவாக, நான் கீழ நின்னு செருப்புக்குக் காவல் இருப்பேன்."

"போகலன்னா இன்னா ஆவும்?"

"காண்ட்ராக்ட் முடியப்போகுது. போயிட்டு வந்தா டிரெய்னராப் போட்டு பெர்மனன்ட் பண்ணிருவாக. போகலன்னா ஊருக்குத்தான். அய்யா தாய்மாமன் மகனப் பாத்து வச்சிருக்காக. சனிக்கெழமைக்குள்ள சூப்பர்வைசர்ட்ட ஆமா இல்லன்னு சொல்லணும்."

மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார். அவருக்கு அந்த மூலையில் இருந்த கம்ப்யூட்டர் எதற்காக வந்தது என்று அப்போதுதான் புரிந்ததுபோல் இருந்தது.

"எங்க லைன்ல புது ஆள நேரா மெஷின்ல உட மாட்டாங்க. மொதல்ல டம்மி போர்டு தருவாங்க. கை பழகுனதுக்கு அப்பாலதான் லைன். உங்க சைடும் அப்டித்தானே? இத டம்மி பிளேனுன்னு நெனச்சிக்கோ. உக்காரு. பயம் தன்னால பூடும்."

யாருக்கும் அது கோணலாகத் தெரியவில்லை. தொழிற்சாலைக்காரர்கள் மூன்று பேர், அதிலேயே வளர்ந்துகொண்டிருந்த நான் ஒருவன். எதையும் டம்மியில் பழகித்தான் செய்வது என்பது எங்களுக்குத் தண்ணீர் குடிப்பதுபோல.

அக்கா உட்கார்ந்தாள். கைப்பிடியை ஜாடியைப் பிடிப்பதுபோல இரண்டு கையாலும் பிடித்தாள். விமானம் ஓடியது, உறைந்தது, தாவியது. தரை ஒருபக்கம் சாய்ந்து அப்படியே நின்றது. பிறகு ஒரே வெட்டாக மறுபக்கம் சாய்ந்தது. என்ஜின் சத்தம் மட்டும் ஒன்றுமே நடக்காததுபோல ஓடிக்கொண்டிருந்தது. அக்கா எழுந்து படியிறங்கி ஓடினாள். டீக்கடைக்குப் பக்கத்துச் சாக்கடையில் வாந்தி எடுத்தாள்.

"இன்னா பைலட்டு, டேக்காஃபா, லேண்டிங்கா?" என்று டீக்கடைக்காரர் என்னைப் பார்த்துக் கேட்டார். ஆனாலும் ஒரு சொம்புத் தண்ணீரை முதலில் நீட்டியவர் அவர்தான்.

வாயைக் கொப்பளித்துவிட்டு அக்கா மாமாவிடம் கேட்டாள். "அண்ணே, நெசத்துலயும் இப்பிடித்தான் வெட்டி வெட்டி இழுக்குமா?"

மாமா விமானத்தில் போனதில்லை. நாங்கள் யாருமே போனதில்லை. ஆனால் கேட்ட கேள்விக்குத் தெரியாது என்று சொல்வது அவர் வயதுக்கு வழக்கமில்லை.

"இதவிட கொஞ்சம் ஜாஸ்தியாத்தான் இருக்கும்" என்றார். தைரியம் சொல்வதாகத்தான் நினைத்தார்.

அக்காவின் முகத்தில் இருந்த கொஞ்ச நஞ்சத் தெம்பும் போனது. தோழி அவளைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போனாள்.

"மாமா, அது பிளேன் இல்ல. நம்ம கம்ப்யூட்டரு இழுக்குது" என்றேன்.

"எனக்குத் தெரியாதா? பயந்தவகிட்ட கம்மியா சொன்னா, அங்க போய் ஜாஸ்தியா ஆடுறப்போ என்னியத்தான் திட்டும்."

அதில் ஒரு நியாயம் இருப்பதாக அவருக்குத் தோன்றியிருக்கிறது. இப்போது அந்த வயதைத் தாண்டிவிட்டேன். நானும் இப்படி எத்தனை பேருக்கு என்னென்ன சொல்லியிருப்பேனோ.

அந்த வாரம் முழுக்க அந்த மூலையைவிட்டு நகரவில்லை. சனிக்கிழமைக்குள் அது வழுக்கி ஓடினால் அக்கா போவாள். ஓடாவிட்டால் ஊருக்குப் போய்விடுவாள். அப்படித்தான் என் மனதில் கணக்கு இருந்தது. முதலில் மேகங்களை அணைத்தேன். கொஞ்சம் தேவலை. மற்ற விமானங்களை அணைத்தேன். மரங்கள் போயின. தண்ணீரின் மினுமினுப்பு போனது. கட்டடங்களைக் குறைத்துக் குறைத்து, கடைசியில் ஒன்றுமில்லாமல் ஆக்கினேன். மீனம்பாக்கத்திலிருந்து கிளம்பினால் ஊரே இல்லை. பச்சைத் துணி விரித்ததுபோல் ஒரு தரை, மேலே நீலம். படம் கிட்டத்தட்ட இழுக்காமல் ஓடியது. நான் மாமாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் என் முதுகில் தட்டினார். அவர் பாராட்டித் தட்டியது அந்த ஒரு முறைதான் என்பதால் நினைவிருக்கிறது.

அக்காவைத் தோழி இழுத்துக்கொண்டு வந்தாள். "இன்னைக்கு வாந்தி எடுத்தேன்னா ரூமுக்குள்ள விடமாட்டேன் பாத்துக்க."

விமானம் எழும்பியது. அக்கா கண்ணை அரைகுறையாகத் திறந்து பார்த்தாள்.

"ஏல தம்பி, ஊரெல்லாம் எங்க?"

"அணைச்சிட்டேன்க்கா."

"வீட்டையா?"

"வீடு, மரம், மேகம் எல்லாத்தையும். அப்பதான் இழுக்காது."

"அப்போ நாம எவ்வளவு ஒசரத்துல இருக்கோம்?"

நான் முள் கடிகாரத்தைக் காட்டினேன். அவள் அதைப் பார்க்கவில்லை. கீழே பார்த்தாள். பச்சையில் எதை வைத்து உயரத்தை அளப்பது? ஒரு மரம் இருந்தால் அது சின்னதாகிறதா பெரியதாகிறதா என்று தெரியும். பச்சை அப்படியே இருந்தது, அப்படியே இருந்தது, திடீரென்று விமானம் நொறுங்கியதாகத் திரையில் எழுத்து வந்தது. சாய்வு இல்லை, ஆட்டம் இல்லை. விழுந்தோம் என்பதே தெரியாமல் விழுந்திருந்தோம்.

அவள் கைப்பிடியிலிருந்து கையை எடுத்துத் தாவணியில் துடைத்துக்கொண்டாள்.

"விட்ரு தம்பி. நீ பாவம். நான் முடியாதுன்னு சொல்லிருதேன்."

வெள்ளிக்கிழமை மதியம் ஷிஃப்ட் முடித்துத் தனியாக வந்தாள். ஊருக்கே வந்துவிடுவதாக அய்யாவுக்குப் போன் போடவேண்டும் என்றாள். கடையின் தொலைபேசி அந்த மூலைக் கம்ப்யூட்டருக்குப் பின்னால், சுவர்ப் பலகையில் இருந்தது. மேசை விசிறிக்காகப் பெட்டியைத் திருப்பி வைத்திருந்ததால் அதன் முதுகு அவளைப் பார்த்து நின்றது. ஊரில் யாரோ பக்கத்து வீட்டுக்காரர் எடுத்து, அய்யாவைக் கூப்பிடப் போயிருக்கவேண்டும். ரிசீவரைக் காதில் வைத்துக் காத்திருந்தாள். கண் எங்காவது போகவேண்டுமே; பெட்டியின் முதுகுக்குப் போனது.

"அண்ணே" என்றாள், ரிசீவரைக் கையால் மூடிக்கொண்டு. "இதுல ஏன் மூடி இருக்கு?"

கார்டின் வாயில் ஒரு கறுப்பு ரப்பர் மூடி. மானிட்டரின் ஒயர் அதற்கு மேலே, பெட்டியோடு வந்த பழைய ஓட்டையில் சொருகியிருந்தது.

"அத்த தொடாத!" மாமா எழுந்தே விட்டார். "அது புச்சு. மூடியோட வந்துது."

"மூடியோடதான் வரும். ஒயரு சொருகணும்னா எடுக்கணும்லா?"

"மூடிய எடுக்கவே கூடாது. மூடி இல்லாத பீசு வந்துச்சுன்னா நாங்க லைன நிறுத்திடுவோம்."

"நாங்க நாள் பூரா அதத்தான எடுக்கோம்!"

"எடுக்கறீங்களா?"

"டெஸ்டிங் ஸ்டேஷன்ல என்ன பண்ணுதோம்னு நெனச்சிய? மூடிய எடுத்து, ஒயரச் சொருகி, படம் வருதான்னு பாத்து, திருப்பி மாட்டி உங்களுக்கு அனுப்புதோம்."

 "எங்களாண்ட வர்றப்போ மூடியோடத்தானே வருது" என்றார் மாமா, தனக்கே சொல்வதுபோல. ஒரே தொழிற்சாலை. இரண்டு கட்டடம். ஒரே மூடி அவர் கைக்கும் இவள் கைக்கும் தினமும் போய்க்கொண்டிருந்திருக்கிறது. கார்டு ஏமாற்றவில்லை. அதை யாரும் ஒரு படமும் வரையச் சொல்லவில்லை. மாதக்கணக்கில் விசிறியைச் சுழற்றிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தது.

ரிசீவருக்குள் "அலோ, அலோ, யாத்தா?" என்று ஒரு குரல் கேட்டது.

அக்கா ரிசீவரைப் பார்த்தாள். காதில் வைத்தாள். "அய்யா, நல்லாருக்கேன். அப்புறம் பேசுதேன்" என்று வைத்துவிட்டாள்.

மூடியை அவள்தான் எடுத்தாள். இரண்டு விரல், ஒரு திருகு. மாமா முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஒயரை மாற்றியதும் திரை கறுத்துப்போனது. "போச்சு" என்றார் மாமா. அணைத்துப் போட்டோம். எழுத்துகள் வந்தன. நான் விளையாட்டைத் திறந்தேன். ஓடுபாதை முன்பு ஒருநாளும் இல்லாதபடி எண்ணெயில் நழுவுவதுபோல் பின்னால் போனது.

"மரத்தப் போடு" என்றாள் அக்கா.

போட்டேன். இழுக்கவில்லை.

"வீட்டப் போடு. தண்ணியப் போடு."

ஊர் திரும்ப வந்தது. மேற்கே திருப்பினேன். நீலமாக ஒரு பெரிய பரப்பு மினுங்கியது. "செம்பரம்பாக்கம்டா!" என்று மாமா கத்தினார். அது உண்மையில் எந்த ஏரியோ, எங்களுக்கு அது செம்பரம்பாக்கம்தான். மேகத்தையும் போட்டேன். அதற்குள் புகுந்து வெளியே வந்தோம்.

அக்கா கைப்பிடியைத் தொடவில்லை. திரையைப் பார்த்தபடியே கேட்டாள். "இதுல நான் எங்க உக்காருவேன்?"

"இங்கதான்க்கா, நீதான் ஓட்டுற."

"நான் ஏம்ல ஓட்டப்போறேன்? டிக்கெட்டு எடுத்தவ உக்காருற எடத்தக் காட்டு."

நானும் மாமாவும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். எங்களுக்கு அது தோன்றவே இல்லை. ஒரு விசையைத் தட்டினால் வேறு வேறு பக்கமிருந்து பார்க்கலாம். தட்டிக்கொண்டே போனேன். ஒரு வட்டமான ஜன்னல் வந்தது. அதற்கு வெளியே இறக்கை. இறக்கைக்கு அடியில் மரங்கள் மெதுவாகப் போய்க்கொண்டிருந்தன.

அவள் நாற்காலியில் சாய்ந்தாள். கையை மடியில் வைத்துக்கொண்டாள். நான் ஓட்டினேன்.  கீழிருந்து பால் வாசம் வந்தது. வெகுநேரத்துக்குப் பிறகு, "இது பஸ்சுதான" என்றாள்.

சனிக்கிழமை சூப்பர்வைசரிடம் ஆமாம் என்று சொல்லிவிட்டாள். பாஸ்போர்ட், விசா என்று நாட்கள் ஓடின. மழைக்காலம் தொடங்கிவிட்டது. அதற்கிடையில் மாமா ஒவ்வொன்றாக உறைகளைப் பிரிக்க ஆரம்பித்தார். ஆனால் பிரித்ததை எறியவில்லை, மடித்து ஒரு அட்டைப்பெட்டியில் வைத்தார். எனக்கு அந்த மூலையில் வேலை இல்லாமல் போனது. சரியாக ஓடும் விமானத்தைத் தினமும் பார்ப்பதில் எனக்குச் சுவை இல்லை.

கிளம்பும் நாளில் மாமாவுக்கும் தோழிக்கும் ஷிஃப்ட். மூட்டை தூக்க நான் போனேன். தொழிற்சாலை வேனில் மற்றப் பெண்களும் இருந்தார்கள். மீனம்பாக்கத்தில் இறங்கினோம். கண்ணாடிக் கதவுக்கு முன்னால் டிக்கெட்டையும் பாஸ்போர்ட்டையும் காட்டவேண்டும். அதற்கு அப்பால் எனக்கு அனுமதி இல்லை. அக்கா பாஸ்போர்ட்டைப் பையோடு சேர்த்துப் பிடித்திருந்தாள். காவலர் இரண்டு முறை கேட்டபிறகுதான் நீட்டினாள். உள்ளே ஒரு காலை வைத்தவள் நின்று திரும்பினாள். வேண்டாம் என்று சொல்லப்போகிறாள் என்றே நினைத்தேன்.

"ஏல தம்பி, அந்த ஓட்டுறவன் மூடிய எடுத்திருப்பாம்லா?"

"எடுத்திருப்பாருக்கா."

"நல்லாத் தெரியுமா?"

எனக்கு எப்படித் தெரியும்? "நல்லாத் தெரியும்" என்றேன். அவள் போய்விட்டாள். மாமாவைப் போலவே நானும் சொல்லிவிட்டேன் என்று வேன் அருகே வரும்போதுதான் உறைத்தது. அவள் அதை நம்பிப் போனாளா, நம்பாமலே போனாளா என்று எனக்குத் தெரியாது.

திரும்பும்போது வேன் ஓட்டுநர் கேட்டார். "சும்மாதான் கீறியா? எங்க கம்பெனி பஸ்ல கிளீனர் நின்னுட்டான். காலைல வரியா?"

மறுநாள் விடிந்தும் விடியாமலும் ஒரகடம் போகும் ஸ்டாஃப் பஸ்சின் பின்படியில் ஏறினேன். வேலை சுலபம். நிறுத்தத்தில் தகரத்தைத் தட்டவேண்டும். தூங்குபவர்களை அவரவர் கேட் வந்ததும் எழுப்பவேண்டும். சுங்குவார்சத்திரத்தில் ஹாஸ்டல் பெண்கள் ஏறினார்கள். அக்காவின் தோழி என்னை அடையாளம் கண்டு, "இங்கயும் வந்துட்டியா பைலட்டு?" என்றாள்.

"அக்கா?" என்றேன்.

"ராத்திரி ஹாஸ்டலுக்குப் போன் பண்ணுனா. எறங்கிட்டாளாம். ஜன்னல் சீட்டு இன்னொருத்திக்குக் கெடச்சிருக்கு. இவ சண்ட போட்டு வாங்கியிருக்கா."

சொல்லிவிட்டு, போர்த்திக்கொண்டு கண்ணை மூடினாள். நான் தகரத்தை இரண்டு முறை தட்டினேன். பஸ் கிளம்பியது.